எண்ணோடு பிணைந்த விளக்கப்படம்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நிலை அதன் கணக்கு. அக்கணக்கைப் பார்க்கவும், பார்த்ததைப் பற்றிக் கேள்வி கேட்கவும் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. ஆயினும் ஆண்டறிக்கையின் பக்கங்களில் வரிசை வரிசையாக நிற்கும் எண்களைப் பொறுமையுடன் படிப்போர் நம்மில் சிலரே. தறியை விட்டும் வயலை விட்டும் எழுந்து நேரே பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்து அமரும் அங்கத்தினருக்கு, அவ்வெண்களின் பொருளை ஒரே பார்வையில் உணர்த்துவது விளக்கப்படமே. எண்ணைக் காட்டிலும் படம் விரைவாக மனத்தில் பதிகிறது. தவறான படமும் அதே விரைவுடன் பதிந்துவிடுகிறது என்பதே இங்குள்ள சங்கடம்.

ஆகவே, கணிப்பொறியில் விளக்கப்படம் வரையும் முறையையும், வரைந்த படத்தைப் பின்னர் பிழையின்றித் திருத்தும் முறையையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். சங்க அலுவலகத்தில் இவ்வேலையைச் செய்யும் இளைஞர்கள் இதனைக் கணிப்பொறியின் முன் அமர்ந்து படிக்கலாம். கணிப்பொறியைத் தொடாத அங்கத்தினரும், தம் கையில் கொடுக்கப்படும் படத்தைச் சோதித்துப் பார்க்கும் வழியை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

ஒரு கூட்டத்தில் நேர்ந்தது

நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறுகிறோம். ஒரு நெசவாளர் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம். அச்சிட்ட அறிக்கை அனைவர் கையிலும் இருந்தது. சேலை, வேட்டி, துண்டு ஆகிய மூன்று உற்பத்திகளையும் காட்டும் தூண் படம் ஒன்று அதன் நடுப்பக்கத்தில் இருந்தது. துண்டுக்கு உரிய தூண் மிகவும் குட்டையாக நின்றது. அதைக் கண்ட சிலர், துண்டு நெய்யும் தறிகளுக்கு நூல் ஒதுக்கீட்டைக் குறைத்துவிடலாம் என்று பேசத் தொடங்கினர். தீர்மானம் எழுதவும் தாள் எடுக்கப்பட்டது. அத்தறிகளை நம்பி வாழும் குடும்பத்தினர் கூட்டத்தின் பின்வரிசையில் பேச்சற்று அமர்ந்திருந்தனர்.

அப்பொழுது முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து, அளவுகோலைப் படத்தின்மீது வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, வேட்டித் தூணின் தலையிலும் துண்டுத் தூணின் தலையிலும் ஒரே எண்தான் போட்டிருக்கிறது. எண் ஒன்றாக இருக்க, உயரம் மட்டும் ஏன் பாதியாக இருக்கிறது?" என்று கேட்டார்.

விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. முந்தைய ஆண்டின் படத்தையே எடுத்து, தூண்களின் மேலிருந்த எண்களை மட்டும் மாற்றி அச்சுக்குக் கொடுத்திருந்தார்கள். தூண்கள் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டன. எவரும் வஞ்சகமாகச் செய்ததன்று. எண் வேறாகவும் தூண் வேறாகவும் பிரிந்துபோன ஒரு படத்தை அவசரத்தில் திருத்தியதன் விளைவு அது. தீர்மானம் கைவிடப்பட்டது. ஆனால் அளவுகோல் கொண்டுவந்த ஒருவர் அன்று அங்கே இல்லாதிருந்தால், சில தறிகள் நூலின்றி நின்றிருக்கும்.

படத்தில் இரு வகை

கணிப்பொறியில் உருவாகும் படங்கள் இரு வகைப்படும். ஒன்று, நிறப்புள்ளிகளால் ஆன படம். கைப்பேசியில் எடுக்கும் புகைப்படம் இவ்வகையைச் சேர்ந்தது. இதனைப் பெரிதாக்கினால் புள்ளிகள் பருத்து விளிம்பு சிதைகிறது. மேலும், அதிலுள்ள தூண் ஒரு தூண் என்பதைக் கணிப்பொறி அறியாது. அங்கே சில சிவப்புப் புள்ளிகள் உள்ளன என்பதை மட்டுமே அறியும்.

மற்றொன்று வெக்டர் படம். இதில் ஒவ்வொரு உருவமும் அளவுகளாகவே பதிவு செய்யப்படுகிறது. இந்த இடத்தில் தொடங்கும் செவ்வகம், இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம், இந்த நிறம் என்று அது குறிக்கப்படுகிறது. ஆகவே அஞ்சலட்டை அளவில் வரைந்ததைச் சுவரொட்டி அளவுக்குப் பெருக்கினாலும் கோடு கூர்மை குன்றாது. எந்த உருவத்தையும் தனியே தேர்ந்தெடுத்து மாற்றலாம். 1987-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் அடோபி நிறுவனத்தின் இல்லஸ்ட்ரேட்டர், 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு விலையின்றிக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் ஆகியவை இவ்வகைப் படம் வரைவதற்கு உரிய மென்பொருள்கள்.

திருத்தத்திலும் இரு வகை

வெக்டர் படம் என்றாலே திருத்தத்தக்கது என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. உருவத்தைத் திருத்துவது வேறு. எண்ணைத் திருத்துவது வேறு. இதனை நெசவாளர் எளிதில் உணர்வர்.

ஜக்கார்டு தறியில் சேலைக் கரையின் பூ எவ்வாறு விழுகிறது? முதலில் அப்பூவைக் கட்டத்தாளில் வரைகிறோம். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து அட்டையில் துளை இடுகிறோம். அட்டை சுழலச் சுழலப் பாவு நூல் உயர்ந்து, ஊடை நூல் அதற்கேற்ப ஓடிப் பூ உருவாகிறது. பூவில் ஓர் இதழை மாற்ற வேண்டுமானால் உரிய அட்டையை மாற்றுகிறோம். அதன்பின் நெய்யும் பூக்கள் அனைத்திலும் அம்மாற்றம் தானாக வந்துவிடுகிறது. அவ்வாறன்றி, நெய்து முடிந்த துணியின்மேல் தூரிகையால் ஓர் இதழைத் தீட்டினால் அந்த ஓரிடம் மட்டும் மாறும். அட்டைக்கும் துணிக்கும் இருந்த உறவு அறுந்துபோகும்.

எண் பட்டியல் அட்டை, விளக்கப்படம் துணி. எண்ணை மாற்றினால் தூண் தானே உயர்ந்து தாழும் படம், அட்டையோடு பிணைந்த படம். தூணை எலியால் பிடித்து இழுத்து உயரத்தை மாற்றுவது துணியின்மேல் தீட்டும் வேலை. மேலே கூறிய சங்கத்தில் அச்சிடப்பட்டது தீட்டிய துணியே.

விளக்கப்படத்தின் தொடக்க காலத்தில் இவ்வசதி இருந்ததில்லை. வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786-ஆம் ஆண்டு லண்டனில் வெளியிட்ட நூலில் நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோட்டுப் படங்களாக வரைந்து காட்டினார்; ஸ்காட்லாந்தின் வாணிகத்தைப் பட்டைகளாக அமைத்தார். வட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் படத்தையும் அவரே 1801-இல் வெளியிட்டார். அக்காலத்தில் படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டனர். எண் ஒன்று தவறானால் தகட்டையே திருத்திச் செதுக்க வேண்டும். இன்று ஒரு சிறு கட்டத்தில் எண்ணை மாற்றினால் போதும். அந்த வசதியை நாமே அறுத்துக்கொள்ளாதிருப்பதே கற்க வேண்டிய பாடம்.

இல்லஸ்ட்ரேட்டரில் வரையும் முறை

இனிச் செய்முறையைக் காண்போம். பயிற்சிக்காக நாமே அமைத்துக்கொண்ட எண்களை எடுத்துக்கொள்வோம். 2023-இல் சேலை 600, வேட்டி 450, துண்டு 300. 2024-இல் சேலை 720, வேட்டி 480, துண்டு 600 என்க.

முதற்படி: கருவிப் பெட்டியில் 'காலம் கிராஃப் டூல்' என்னும் தூண் படக் கருவியைத் தேர்ந்து, தாளில் படம் அமைய வேண்டிய இடத்தில் ஒரு செவ்வகமாக இழுக்க வேண்டும். தூண்கள் நிற்கும் பகுதியின் அளவே இது. பெயர்களும் குறிவிளக்கமும் இதற்கு வெளியே அமையும். ஆதலால் சுற்றிலும் சிறிது இடம் விடுதல் நலம்.

இரண்டாம் படி: உடனே கட்டங்கள் கொண்ட எண் பட்டியல் ஒன்று திறக்கும். அதன் இடப்புற மேல்மூலைக் கட்டத்தில் முன்பே இருக்கும் எண்ணை அழித்து வெறுமையாக விட வேண்டும். அது வெறுமையாக இருந்தால்தான் குறிவிளக்கம் உருவாகும். மேல்வரிசையில் ஆண்டுகளையும், இடப்பக்க வரிசையில் சேலை, வேட்டி, துண்டு என்னும் பெயர்களையும் எழுத வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2023 என்று வெறுமனே எழுதினால் மென்பொருள் அதனை ஆண்டு என்று அறியாது. இரண்டாயிரத்து இருபத்து மூன்று உருப்படி என்று எண்ணி அதற்கும் ஒரு தூண் எழுப்பிவிடும். ஆகவே எண்ணாலான பெயர்களை நேரான இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் எழுத வேண்டும்.

மூன்றாம் படி: எண்களை உரிய கட்டங்களில் நிரப்பி, சரி என்னும் அடையாளக் குறியை அழுத்த வேண்டும். ஆறு தூண்களும் உரிய உயரத்தில் எழுந்து நிற்கும். எண்கள் மிகுதியாயின் கணக்குத் தாளிலிருந்து, நிரல்களுக்கிடையே 'டேப்' இடைவெளி உள்ள எழுத்துக் கோப்பாகச் சேமித்து, அதனை இப்பட்டியலில் இறக்கிக்கொள்ளலாம். அவ்வாறு இறக்கும்போது 1,25,000 என்று காற்புள்ளி இடாமல் 125000 என்றே இருக்க வேண்டும். எண்ணில் தசமப் புள்ளி தவிர வேறு குறி இருந்தால் அது படத்தில் வரையப்படாது.

நான்காம் படி: 'ஆப்ஜெக்ட்' பட்டியில் 'கிராஃப்' என்பதன் கீழுள்ள 'டைப்' என்னும் கட்டளையால் படத்தின் வகையை மாற்றலாம். தூண், அடுக்குத் தூண், கிடைப்பட்டை, அடுக்குக் கிடைப்பட்டை, கோடு, பரப்பு, புள்ளிச் சிதறல், வட்டம், ஆரப்படம் என ஒன்பது வகைகள் உள்ளன. வட்டப் படத்தில் ஒவ்வொரு கிடைவரிசைக்கும் ஒரு தனி வட்டம் அமையும் என்பதை நினைவில் வைத்துப் பட்டியலை எழுத வேண்டும். வகையை முடிவு செய்த பின்னரே நிறமும் அலங்காரமும் செய்தல் வேலையை மிச்சப்படுத்தும்.

ஐந்தாம் படி: நிறம் தீட்டுவதற்குக் 'குரூப் செலக்ஷன்' கருவியை எடுத்து, குறிவிளக்கத்தில் 2024-க்கு உரிய சிறு கட்டத்தை ஒருமுறை அழுத்தி, அசைக்காமல் மறுமுறையும் அழுத்த வேண்டும். அவ்வாண்டின் தூண்கள் மூன்றும் குறிவிளக்கத்துடன் சேர்ந்து தேர்வாகும். அப்பொழுது நிறத்தை மாற்றலாம். பிணைப்புக்கு ஒரு பழுதும் வராது.

இப்பொழுது தணிக்கையாளர் வந்து, 2024-இன் சேலை எண்ணிக்கை 720 அன்று, 702 என்று பிழை கண்டுபிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். படத்தைத் தேர்ந்து, 'ஆப்ஜெக்ட்', 'கிராஃப்', 'டேட்டா' என்னும் வழியே பட்டியலைத் திறந்து, அந்த ஒரு கட்டத்தை மாற்றிச் சரிக்குறியை அழுத்தினால் தூண் சற்றே தாழ்ந்துவிடும். வேறெதையும் தொட வேண்டுவதில்லை.

அறுத்துவிடக் கூடாத முடிச்சு

இவ்வாறு வரைந்த படம் ஒரு தொகுதியாகக் கட்டப்பட்டிருக்கிறது. தூணைச் சற்று நகர்த்தவோ எழுத்தைப் பெரிதாக்கவோ விரும்பும் சிலர், 'அன்குரூப்' என்னும் கட்டளையால் இக்கட்டை அவிழ்த்துவிடுகின்றனர். மென்பொருளே எச்சரிக்கை காட்டுகிறது. அதைப் படியாமலே சம்மதம் கொடுத்துவிடுகின்றனர். அக்கணமே எண் பட்டியல் மறைந்துபோகிறது. எஞ்சியவை வெறும் செவ்வகங்கள். பின்னர் அவற்றை மீண்டும் தொகுதியாகக் கட்டினாலும் பழைய பிணைப்புத் திரும்பி வராது. அறுந்த பாவை முடியலாம். இதனை முடிய இயலாது.

தனி உருவத்தைத் திருத்த வேண்டுமானால், கட்டை அவிழ்க்காமல், முன் கூறிய 'குரூப் செலக்ஷன்' கருவியாலோ 'டைரக்ட் செலக்ஷன்' கருவியாலோ அவ்வுருவத்தை மட்டும் தேர்ந்து திருத்தலாம். அச்சகத்துக்காகக் கட்டை அவிழ்த்தே தீர வேண்டிய நிலை வந்தால், அதற்கென ஒரு பிரதி எடுத்து அதில் செய்க. மூலக் கோப்பு அலுவலகத்தில் பழுதின்றி இருக்கட்டும்.

விலையில்லா மென்பொருளில் செய்யும் வழி

இல்லஸ்ட்ரேட்டர் சந்தா செலுத்திப் பெற வேண்டிய மென்பொருள். சிறு சங்கங்கள் அச்செலவைத் தாங்க இயலாதிருக்கலாம். அவர்கள் லிப்ரே ஆபீஸ் என்னும் விலையில்லாத் தொகுப்பில் உள்ள 'கால்க்' கணக்குத் தாளில் எண்களை எழுதி, அங்கேயே விளக்கப்படத்தை உருவாக்கலாம். அப்படத்தை எஸ்.வி.ஜி. என்னும் வெக்டர் வடிவில் வெளியேற்றி, இங்க்ஸ்கேப்பில் திறந்து நிறமும் எழுத்தும் சீர்செய்துகொள்ளலாம்.

ஆனால் இங்கே ஒன்றை மறத்தலாகாது. கணக்குத் தாளை விட்டு வெளியேறியதுமே படம் எண்ணிலிருந்து பிரிந்துவிடுகிறது. இங்க்ஸ்கேப்பில் திருத்தக்கூடியது உருவமே, எண் அன்று. ஆகவே எண்ணில் மாற்றம் வந்தால் கணக்குத் தாளுக்கே திரும்பிச் சென்று, அங்கே மாற்றி, மறுபடியும் வெளியேற்ற வேண்டும். கணக்குத் தாளையும் படக் கோப்பையும் ஒரே பெயரில், ஒரே உறையில், தேதியிட்டுச் சேர்த்து வைப்பது நல்ல வழக்கம்.

சில தூண்களே உள்ள படத்தை இங்க்ஸ்கேப்பிலேயே வரைய விரும்புவோர், கண்மதிப்பாக இழுத்து வரையாமல், உயரத்தை எண்ணாகவே எழுத வேண்டும். பத்து உருப்படிக்கு ஒரு மில்லிமீட்டர் என்று விகிதம் வகுத்துக்கொண்டால், 600 சேலைக்கு 60 மில்லிமீட்டர், 450 வேட்டிக்கு 45 மில்லிமீட்டர். செவ்வகக் கருவியின் மேற்பட்டையில் உயரத்துக்கு உரிய இடத்தில் இதனை எழுதலாம். அடிகள் அனைத்தையும் ஒரே கோட்டில் சேர்க்க 'அலைன்' கட்டளை உதவும். வகுத்த விகிதத்தைப் படத்தின் அடியிலேயே குறித்துவைத்தால் அடுத்த ஆண்டு வேலை செய்பவர் தடுமாற மாட்டார்.

பிணைப்பு இருந்தும் பொய்யாகும் படங்கள்

எண்ணோடு பிணைந்திருந்தும் படம் நம்மை மயக்கும் வழிகள் இரண்டு உள்ளன. அவற்றையும் அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது, அச்சின் தொடக்கம். ஓராண்டின் விற்பனை 950, மறு ஆண்டின் விற்பனை 1000 என்க. அச்சு 900-இல் தொடங்கினால் முதல் தூண் 50 அளவும் இரண்டாம் தூண் 100 அளவும் உயர்ந்து நிற்கும். விற்பனை இரு மடங்கானதாகக் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் உயர்ந்தது நூற்றுக்கு ஐந்தே கால் பங்கு அளவே. தூண் படத்தின் அச்சு சுழியத்தில் தொடங்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் கிராஃப் வகையைத் தேரும் இடத்திலேயே அச்சின் குறைந்த அளவையும் மிகுந்த அளவையும் நாமே எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது, படச்சின்னங்கள். தூணுக்குப் பதிலாக நெல் மூட்டையையோ நூற்கண்டையோ நிறுத்துவது பார்வைக்கு அழகே. ஆனால் விளைச்சல் இரு மடங்கு என்பதற்காக மூட்டையின் உயரத்தையும் அகலத்தையும் இரு மடங்காக்கினால், அது தாளில் அடைக்கும் இடம் நான்கு மடங்காகிவிடும். கண் நான்கு மடங்கு என்றே கணக்கிடும். 1925-இல் வியன்னா நகரில் மக்களுக்கான சமூகப் பொருளாதாரக் காட்சியகத்தை நிறுவிய ஓட்டோ நாய்ராத் என்பவர் இதற்கு ஒரு நல்ல விதியை வகுத்தார். மிகுதியைக் காட்டச் சின்னத்தைப் பெரிதாக்க வேண்டா. அதே அளவுச் சின்னங்களின் எண்ணிக்கையைக் கூட்டுக என்பது அவ்விதி. ஒரு மூட்டைச் சின்னம் நூறு மூட்டை எனக் கொண்டால் 300-க்கு மூன்று சின்னம், 600-க்கு ஆறு சின்னம். எண்ணத் தெரிந்தவர் எவரும் இதனைச் சரிபார்க்கலாம். இல்லஸ்ட்ரேட்டரில் 'ரிப்பீட்டிங்' என்னும் அமைப்பு இதற்கென்றே இருக்கிறது.

அங்கத்தினர் செய்யத்தக்க சோதனை

கணிப்பொறி இல்லாதவரும் தம் சங்கத்தின் படத்தைச் சோதிக்கலாம். ஒரு அளவுகோல் போதும். தூணின் எண்ணை அதன் உயரத்தால் வகுக்க வேண்டும். எல்லாத் தூண்களுக்கும் ஏறத்தாழ ஒரே ஈவு வந்தால் படம் சரி. 600-க்கு 60 மில்லிமீட்டர் என்றால் ஈவு 10. 450-க்கு 45 என்றாலும் ஈவு 10. ஒரு தூணுக்கு மட்டும் ஈவு வேறாக வந்தால், அங்கே எண்ணும் தூணும் பிரிந்துவிட்டன என்று அறிக. எல்லாத் தூண்களுக்கும் ஈவு வெவ்வேறாக வந்தால், அச்சு சுழியத்தில் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அன்று அம்முதியவர் செய்ததும் இச்சோதனையே.

கேள்வி கேட்பதைச் சங்க அலுவலர் குறையாகக் கருதலாகாது. கேட்போரும் அலுவலரைக் குற்றவாளியாகக் கருதலாகாது. பிழை எவர் கையிலும் நேரும். அது கூட்டத்துக்கு முன் திருந்துகிறதா, தீர்மானம் நிறைவேறிய பின் திருந்துகிறதா என்பதில்தான் நம் தறிகளின் நூலும் வயல்களின் உரமும் அடங்கியிருக்கின்றன.

பயிற்சி

1. மேலே கொடுத்த எண்களைக் கொண்டு தூண் படம் ஒன்று வரைக. பின்னர் 720 என்பதை 702 ஆக மாற்றி, தூண் தானே தாழ்கிறதா என்று காண்க.

2. அதே படத்தின் பிரதியில் கட்டை அவிழ்த்து, எண்ணை மாற்ற முயன்று, நேரும் வேறுபாட்டைக் குறித்துக்கொள்க.

3. உங்கள் சங்கத்தின் சென்ற ஆண்டு அறிக்கையில் உள்ள தூண் படம் ஒன்றை அளவுகோலால் அளந்து, ஒவ்வொரு தூணுக்கும் ஈவு காண்க. வேறுபாடு இருப்பின் செயலாளரிடம் அன்புடன் தெரிவித்து விளக்கம் பெறுக.

மூன்றாம் பயிற்சியை அங்கத்தினர் அனைவரும், சிறப்பாக இளைஞர்கள், அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு முன்னரே செய்து முடிக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.